கட்டைகளுக்கு அப்பால்: ஜான் ஃபோல்ட்ஸும் தென்னிந்திய மேளங்களும்

தென்னிந்திய இசையின் இலக்கணத்தை ஐரோப்பிய இசையமைப்பின் உட்கூறாக்க முயன்றவர்களின் வரலாற்றில், 1880-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பிறந்து, 1939-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்த ஜான் ஹெர்பர்ட் ஃபோல்ட்ஸுக்குத் தனியிடம் உண்டு. செல்லோ வாசிப்பவராகத் தொழிலில் நுழைந்து, இசைக்குழுக்களை நடத்தும் நெறியாளராக உயர்ந்து, இசை பற்றி நூல் எழுதிய அறிஞராகவும் விளங்கிய அவர், தம் இறுதிக் காலத்தில் அகில இந்திய வானொலியின் தில்லி நிலையத்தில் ஐரோப்பிய இசைப் பிரிவின் இயக்குநராகப் பணியாற்றினார். தமிழ் இசை வரலாற்று நூல்கள் அவரை அநேகமாகக் குறிப்பதில்லை. ஆயினும், வேங்கடமகி வகுத்த 72 மேளங்களிலிருந்து தம் பியானோ இசைக்கு அடிப்படை தேடியவரும், இந்திய வானொலியில் ஆர்மோனியம் தடைசெய்யப்படுவதற்கு முன் அக்கருவிக்கு எதிராக எழுதியவரும் அவரே என்பதால், அவருடைய தொழில்வாழ்வு தமிழ் வாசகர்க்கு அயலான செய்தியன்று. நரம்பின் மீது விரலை நகர்த்திச் சுரம் கண்ட ஒருவர் அசையாத கட்டைகளைக் கொண்ட ஒரு கருவியைக் கண்டித்ததையும், அவரே தென்னிந்திய மேளங்களை அசையாத கட்டைகளைக் கொண்ட இன்னொரு கருவிக்கு எழுதியதையும் சேர்த்து நோக்கினால், மேளத்துக்கும் இராகத்துக்கும் இடையே உள்ள தொலைவு புதியதொரு கோணத்தில் புலனாகிறது.

செல்லோ என்பது வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய நரம்புக்கருவி. வாசிப்பவர் அமர்ந்து, அதைத் தம் முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி, வில்லால் இழைத்து வாசிப்பார். நான்கு நரம்புகளும் ஒன்றுக்கொன்று சட்ஜ பஞ்சம இடைவெளியில் சுருதி சேர்க்கப்பட்டிருக்கும். வீணையில் இருப்பதைப் போன்ற மெட்டுகள் அதன் விரற்பலகையில் இல்லை. சுரத்தின் இடத்தைக் காது தீர்மானிக்க விரல் அதைப் பின்தொடர வேண்டும் என்பதும், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல இயலும் என்பதும் அக்கருவியின் அடிப்படை இயல்புகள். பியானோ பயின்ற இசையமைப்பாளர் ஒருவருக்கு ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு சட்ஜத்திலிருந்து அடுத்த சட்ஜம் வரையிலான பரப்பு, 12 படிகளாகவே தோன்றும். செல்லோவில் கை பழகியவருக்கு அப்படிகளுக்கு இடையிலும் இடம் உண்டு.

ஃபோல்ட்ஸின் தந்தை ஃபிரெட் ஃபோல்ட்ஸ், மான்செஸ்டரின் ஹாலே இசைக்குழுவில் பாசூன் என்னும் தாழ்சுர மரக்குழல் வாசித்தவர். 1858-இல் சார்லஸ் ஹாலே நிறுவிய அக்குழு, இங்கிலாந்தின் தொழில்முறைக் குழுக்களுள் மூத்த ஒன்று. இசையமைப்பைப் பெரும்பாலும் தாமாகவே கற்ற மகன், இளமையிலேயே வீட்டைவிட்டு வெளியேறி, நாடகக் கொட்டகைகளிலும் கடற்கரைப் பொழுதுபோக்குக் கூடங்களிலும் வாசித்துப் பிழைத்து, 1900-இல் அதே ஹாலே குழுவின் செல்லோ வரிசையில் சேர்ந்தார். அப்போது குழுவை நடத்தியவர் ஹான்ஸ் ரிக்டர். 1876-இல் ஜெர்மனியின் பைரய்ட் நகரில் வாக்னரின் நால்தொடர் இசைநாடகத்தை முதன்முதலாக நடத்தியவர் அவர். குழுவை நடத்தும் பயிற்சியை ஃபோல்ட்ஸ் அவரிடமே பெற்றார். ஐரோப்பிய இசைக்குழுவில் நெறியாளர் என்பவர் எந்தக் கருவியையும் வாசிப்பதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே எழுதப்பட்ட பகுதிகள் அனைத்தையும் ஒருங்கே கொண்ட முழு ஏட்டைப் படித்து, கையசைவால் காலத்தையும் ஒலியளவையும் ஆள்பவர். கச்சேரி மேடையில் பாடகரே தலைமை தாங்கி, பக்கவாத்தியக்காரர்கள் அவரைச் செவியால் பின்பற்றும் கர்நாடக மரபில் இதற்கு நேரான பணி இல்லை. இந்த வேறுபாடு பின்னர் தில்லியில் அவருக்கு எதிர்ப்பட்டது.

1906-இல் லண்டனின் குவீன்ஸ் ஹால் கோடைக் கச்சேரிகளில் ஹென்றி வுட் அவருடைய படைப்பொன்றை நடத்தினார். 1911-இல் ஹாலே குழுவின் முதன்மைச் செல்லோ வாசிப்பாளரான கார்ல் ஃபுக்ஸ், ரிக்டரின் நெறியாள்கையில், ஃபோல்ட்ஸ் எழுதிய செல்லோ கான்செர்ட்டோவை அரங்கேற்றினார். கான்செர்ட்டோ என்பது தனிக்கருவி ஒன்று முழு இசைக்குழுவோடு உரையாடுமாறு அமைந்த நெடிய படைப்பு. இவற்றைவிட, 1905-இல் செல்லோவுக்கும் பியானோவுக்குமாக அவர் எழுதிப் பின்னர் திருத்திய சொனாட்டாவே இக்கட்டுரைப் பொருளுக்கு முக்கியமானது. ஏனெனில் அதில் செல்லோவுக்குக் கால் சுரங்கள் எழுதப்பட்டுள்ளன. பியானோவின் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான இடைவெளியைப் பாதியாக்கினால் கிடைப்பது கால் சுரம். அம்முறையில் ஒரு ஸ்தாயி 24 சமபங்காகும். 1890-களின் இறுதியிலேயே நரம்புக்கருவி நால்வர் இசையில் அவர் இதை முயன்று பார்த்திருந்தார். செக் நாட்டு அலோயிஸ் ஹாபாவும் பிறரும் இதை ஒரு கொள்கையாக முன்வைப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், அன்றாடம் விரல் நகர்த்தி வாசித்த தொழிலாளி ஒருவர் அதைத் தம் கருவியிலிருந்தே கண்டெடுத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

இதே காலத்தில் தஞ்சாவூரில், மருத்துவத்தால் பொருளீட்டி இசை ஆராய்ச்சிக்குச் செலவிட்ட ஆபிரகாம் பண்டிதர், இந்திய இசையின் சுருதிகள் 22 என்னும் வழக்கைக் கணக்கால் மறுத்து, சிலப்பதிகாரம் சுட்டும் வட்டப்பாலையை அடிப்படையாகக் கொண்டு, ஒரு ஸ்தாயியில் 24 சுருதிகள் சம அளவில் அமைகின்றன என நிறுவ முனைந்தார். 1916-இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில் அவர் தம் கருத்தை முன்வைத்தார். 1917-இல் அவருடைய கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. மான்செஸ்டரின் 24 பங்கும் தஞ்சாவூரின் 24 சுருதியும் எண்ணளவில் ஒன்றாயிருப்பதைத் தொடர்பு என்று கொள்ளலாகாது. ஒருவர் ஒலியின் புது நிறத்தைத் தேடினார். மற்றவர் பழந்தமிழர் இசையின் கணக்கை மீட்க முயன்றார். ஆனால் 12 கட்டைக்குள் இசை அடங்கிவிடாது என்ற உணர்வு இருவருக்கும் பொதுவானது.

அந்த உணர்வை இந்தியாவின் பக்கம் திருப்பியவர் மோட் மெக்கார்த்தி. 1882-இல் அயர்லாந்தில் பிறந்து, சிறுவயதிலேயே வயலின் மேதையாகப் பெயர் பெற்ற அவர், கையின் நரம்புக் கோளாறால் மேடையைத் துறக்க நேர்ந்தது. 1907-இல் பிரம்மஞான சபையின் தலைமையை ஏற்ற அன்னி பெசன்ட் அம்மையாரோடு இந்தியாவுக்கு வந்த மெக்கார்த்தி, சபையின் தலைமையிடம் சென்னை அடையாற்றில் இருந்ததால், தென்னிந்திய இசையை அது வழங்கிய இடத்திலேயே கேட்டுப் பயிலும் வாய்ப்பைப் பெற்றார். அக்காலத்தில் இந்திய இசையைப் பற்றி எழுதிய ஐரோப்பியர் பலர் கேட்டதைக் குறித்துக்கொண்டவர்கள். மெக்கார்த்தியோ அதைத் தாமே பாடிக் காட்டக்கூடியவர். லண்டன் திரும்பியபின் அவர் ஆற்றிய உரைகளில் 22 சுருதிகளையும் குரலில் பிரித்துக் காட்டினார். 1912-இல் லண்டன் இசைக் கழகத்தின் முன் இந்தியரின் இசைக் கருத்தாக்கங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தார். 1915-இல் ஃபோல்ட்ஸும் அவரும் சந்தித்தனர். அச்சந்திப்பு இல்வாழ்க்கையாகவும் இசைக் கூட்டுழைப்பாகவும் வளர்ந்தது. ஃபோல்ட்ஸின் படைப்புகளில் காணப்படும் இந்தியக் கூறுகளை அவருடைய கற்பனைக்கு மட்டும் உரிமையாக்குவது நியாயமன்று. அவருக்குக் கர்நாடக இசையின் ஆசிரியராக அமைந்தவர் இந்த அம்மையாரே. வரலாற்றில் அவருக்கு உரிய இடம் மிகத் தாமதமாகவே தரப்பட்டது.

முதல் உலகப்போருக்குப் பின் இருவரும் உருவாக்கிய பெரும்படைப்பு உலக இரங்கல் இசை. போரில் மாண்ட எல்லா நாட்டினருக்குமாக எழுதப்பட்ட அதன் பாடற்பகுதிகளை மெக்கார்த்தி தொகுத்தார். கிறித்தவ வழிபாட்டு வாசகங்களோடு கபீரின் வரிகளும் அதில் இடம்பெற்றன. 1923-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள், லண்டனின் ஆல்பர்ட் மண்டபத்தில், ஏறத்தாழ 1,200 பாடகர்களும் கருவி வாசிப்போரும் பங்கேற்க, ஃபோல்ட்ஸே நெறியாளராக நின்று அதை அரங்கேற்றினார். 1926 வரை ஆண்டுதோறும் நிகழ்ந்த அது பின்னர் கைவிடப்பட்டது. அவர் நாடகங்களுக்கு எழுதிய இசை, குறிப்பாக 1924-இல் பெர்னார்ட் ஷாவின் செயிண்ட் ஜோன் நாடகத்துக்கு எழுதியது, வருவாய் தந்தது. மனம் வைத்து எழுதியவற்றுள் பல அரங்கேறவில்லை. 1927-இல் பாரிஸுக்குச் சென்ற அவர், அங்கு ஊமைப்படங்களுக்குப் பியானோ வாசித்துக்கொண்டே தம் துணிச்சலான படைப்புகளை எழுதினார்.

அவற்றுள் 1928-இல் வெளிவந்த, பியானோவுக்கான ஆறு பகுதிகள் கொண்ட மேளக் கட்டுரைகளே கர்நாடக இசை அறிந்தோர் நின்று நோக்க வேண்டியவை. அவற்றை மதிப்பிடுவதற்கு, அவர் கையாண்ட மூலத்தின் இயல்பை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை விஜயராகவ நாயக்கர் அவையில் சதுர்தண்டிப் பிரகாசிகையை இயற்றிய வேங்கடமகி, ஒரு ஸ்தாயியின் 12 சுரத்தானங்களைக் கொண்டு அமையக்கூடிய ஏழு சுர வரிசைகளைக் கணித்தார். சட்ஜமும் பஞ்சமமும் மாறா; மத்தியமம் இருவகை; ரிஷப காந்தாரங்கள் சேரும் வகை ஆறு; தைவத நிஷாதங்கள் சேரும் வகை ஆறு. ஆறை ஆறால் பெருக்கி இருவகை மத்தியமத்தாலும் பெருக்க, 72 மேளங்கள் கிடைக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை அவர் காலத்தில் பாடப்படாதவை. இனி வரக்கூடியவற்றுக்கும் இடம் ஒதுக்கிய திட்டம் அது. இத்திட்டத்துக்குப் பின்னணியாக இருந்தது மெட்டுகள் பதித்த வீணை. வேங்கடமகியின் தந்தை கோவிந்த தீட்சிதர் காலத்தில் தஞ்சையில், எல்லா இராகங்களையும் மெட்டுகளை இடம் மாற்றாமலேயே வாசிக்கத்தக்க நிலைமெட்டு வீணை வடிவு பெற்றது. நிலையான மெட்டுகள் இருந்ததால்தான் 12 தானங்கள் என்னும் கணக்கு உறுதிப்பட்டது.

எனவே மேளம் என்பது பிறப்பிலேயே நிலைத்த தானங்களுக்கு உரியது; பியானோவின் 12 கட்டைகளில் அதை அப்படியே பதிக்க முடிந்ததில் வியப்பில்லை. இராகமோ வேறு. ஒரே மேளத்தின் சுரங்களைக் கொண்டே பல இராகங்கள் பிறக்கின்றன. அவற்றைப் பிரித்து அடையாளம் காட்டுவது ஏறுமுக இறங்குமுகப் போக்கும், நிற்கும் இடமும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கமகமும், அதாவது சுரத்தை அசைத்தும் இழைத்தும் பிடிக்கும் முறையும். வீணை வாசிப்பவர் மெட்டின் மீதே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அந்த அசைவை வருவிக்கிறார். தோடியின் காந்தாரம் கட்டையில் ஒரு புள்ளி. குரலிலோ அது ஓர் அலைவு. பியானோவுக்கு மேளம் போய்ச் சேர்ந்தது, கமகம் போய்ச் சேரவில்லை.

ஃபோல்ட்ஸ் இதை அறியாதவர் அல்லர். மெக்கார்த்தியின் குரலை வீட்டிலேயே கேட்டவர். அவர் நாடியது வேறொன்று. அக்காலத்து ஐரோப்பிய இசையமைப்பு, ஒரு சுரக்குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவிடாது தாவி, இறுதியில் மையச் சுரம் என்பதையே இழக்கும் நிலையை எட்டியிருந்தது. வியன்னாவில் அர்னால்ட் ஷோன்பெர்க் 12 சுரங்களுக்கும் சம உரிமை தரும் முறையை வகுத்தபோது, ஃபோல்ட்ஸ் எதிர்த்திசையில் சென்று, ஏழு சுரங்களைத் தேர்ந்துகொண்டு ஒரு படைப்பு முடியும்வரை அவற்றுக்கு வெளியே ஒரு சுரத்தையும் தொடாதிருக்கும் கட்டுப்பாட்டை ஏற்றார். ஐரோப்பியக் காதுக்குப் பழக்கமற்ற இடைவெளிகள் கொண்ட மேளங்களிலிருந்து, அவ்வேழு சுரங்களையே அடுக்கிப் பெறும் புதிய ஒத்திசைகள் எழுந்தன. பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமான அவருடைய இயங்கு முத்தொகுதியின் முதற்பகுதி இக்கட்டுப்பாட்டைப் பெருவடிவில் கடைப்பிடிக்கிறது. சமஸ்கிருதத் தொன்மத்தைத் தழுவி எழுதத் தொடங்கிக் கைவிட்ட அவதாரா என்னும் இசைநாடகத்திலிருந்து எஞ்சிய மூன்று மந்திரங்களும் இவ்வழியில் வந்தவை. இராகத்தை ஃபோல்ட்ஸ் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றார் என்று சொல்வது மிகை. மேளத்தின் ஒழுக்கத்தைக் கொண்டுசென்றார் என்பதே பொருந்தும். இசையில் அயல் நிறம் பூசக் கீழ்த்திசைச் சாயலைத் தேடிய பலரின் முயற்சியைவிட இது ஆழமானது. ஏனெனில் அவர் எடுத்துக்கொண்டது சாயலை அன்று, விதியை.

1934-இல் இன்றைய இசை என்னும் தலைப்பில் அவர் வெளியிட்ட நூல், இசையின் கடந்தகால மரபையும் எதிர்காலத்துக்கு அது விட்டுச்செல்வதையும் ஆராய்ந்தது; மேளவரிசைகளின் அட்டவணையும் அதில் இடம்பெற்றது. அதன்பின் 1935-இல் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். பஞ்சாபில் நாட்டார் பாடல்களைத் திரட்டிய பிறகு, 1937-இல் தில்லி வானொலியில் பணியேற்றார். 1936-இல் அகில இந்திய வானொலி என்னும் பெயர் பெற்ற அந்நிறுவனத்தின் தலைவராக லண்டனிலிருந்து வந்திருந்த லயனல் ஃபீல்டன் இருந்தார். பம்பாய் நிலையத்தில் ஐரோப்பிய இசைப் பொறுப்பை ஏற்றிருந்தவர் ஐரோப்பாவிலிருந்து வந்த வால்டர் காஃப்மன். வானொலியின் தொடக்க இசை அவர் ஆக்கியதாகவே பெரிதும் கருதப்படுகிறது. நெறியாளரும் அறிஞருமான காஃப்மன், பிற்காலத்தில் அமெரிக்காவிலிருந்து தென்னிந்திய இராகங்கள் பற்றிய பெருநூலை 1976-இல் வெளியிட்டார். வானொலி என்னும் புதிய நிறுவனம், ஓரிரு ஆண்டுகளுக்குள் இத்தகைய இருவரை ஒரே பணிக்குக் கொண்டுவந்தது.

1938-இல் வானொலியின் ஆங்கில இதழில் ஆர்மோனியத்தைக் கண்டித்து ஃபோல்ட்ஸ் எழுதினார். ஐரோப்பாவில் உருவான மிதி ஆர்மோனியம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் முதலியோர் கையில் தரையில் அமர்ந்து வாசிக்கும் கைத்துருத்திப் பெட்டியாக மாறி, நாடக மேடைக்கும் பஜனைக்கும் வீட்டுக்கும் பரவியது. தமிழ் இசைநாடகத்தில் பெட்டிக்காரர் பின்பாட்டும் பாடி நடிகரின் குரலைத் தாங்கினார். அக்கருவியின் குறை இரண்டு. ஸ்தாயியை 12 சமபங்காக்கும் ஐரோப்பிய முறையில் ஒவ்வொரு பங்கையும் 100 அலகு எனக் கொண்டால், தம்புராவின் நாதத்தில் இயற்கையாக எழும் அந்தர காந்தாரம் சட்ஜத்திலிருந்து 386 அலகில் நிற்கிறது. பெட்டியின் கட்டையோ 400-இல் ஒலிக்கிறது. 14 அலகு உயர்ந்த இக்காந்தாரம் பழகிய காதை உறுத்தும். இரண்டாவது குறை, கட்டையிலிருந்து கட்டைக்கு வழுக்க இயலாது என்பது. ஆனந்த குமாரசாமி உள்ளிட்டோர் முன்பே எழுப்பிய எதிர்ப்புதான் இது. ஆனால் செல்லோவில் கால் சுரம் எழுதியவரிடமிருந்து அது வந்தபோது, தேசியப் பெருமிதத்தைக் கடந்த ஒரு கைத்தொழிலாளியின் சான்றாகவும் அமைந்தது. தாகூரும் ஆர்மோனியத்தை எதிர்த்தார். 1940-ஆம் ஆண்டு மார்ச் 1 முதல் வானொலியில் அது விலக்கப்பட்டது. 1971-இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது.

இத்தடையின் நியாயத்தை மலாய் நாட்டிலிருந்து நோக்குபவர்க்கு வேறொரு காட்சியும் தெரியும். இந்திய நாடகக் குழுக்களோடும் வணிகரோடும் கடல் கடந்த அதே பெட்டி, ஜொகூரில் மலாய் கசல் இசையின் தலைமைக் கருவியாயிற்று. தபேலா, காம்புஸ் என்னும் மீட்டுகருவி, வயலின் ஆகியவற்றோடு ஆர்மோனியம் முன்னின்று வாசிக்கப்படும் ஜொகூர் கசல், இன்றும் அம்மாநிலத்தின் அடையாள இசையாக மதிக்கப்படுகிறது. தம்போய் முதலிய ஜொகூர் பாரு சுற்றுவட்டாரங்களில் தமிழர் பஜனைக்கும் மலாய்க்காரர் கசலுக்கும் ஒரே பெட்டி உதவுகிறது. கமகத்தின் அளவுகோலில் குறையுடையதாகத் தீர்ப்பளிக்கப்பட்ட கருவி, கமகம் தலையாய விதியாக இல்லாத இசைகளில் குறையற்றதாக நிற்கிறது. ஃபோல்ட்ஸின் வாதம் இராக இசையைப் பொறுத்தவரை சரி. வானொலி அதை எல்லா இசைக்குமான ஆணையாக நீட்டியதே தவறு.

ஆர்மோனியத்தை மறுத்தவர், இந்தியக் கருவிகளைக் கொண்டே ஒரு குழுவை அமைக்கவும் முயன்றார். செவிவழிக் கற்ற கலைஞர்களுக்கு ஐரோப்பியக் கோட்டுக் குறியீட்டைப் படிக்கப் பயிற்றுவித்து, ஒவ்வொரு கருவிக்கும் தனிப்பகுதி எழுதி, இந்திய-ஐரோப்பிய இசைக்குழு என்னும் பெயரில் ஒலிபரப்பினார். எழுதியதை எழுதியவாறே வாசிப்பதும் மனோதர்மமும் ஒன்றையொன்று விலக்குபவை. அந்த முட்டுப்பாட்டை அவர் தீர்த்தாரா என்று முடிவுசெய்யும் அளவுக்கு அக்குழு நீடிக்கவில்லை. ஆனால் 1952-இல் வானொலி தன் வாத்திய விருந்தாவைத் தொடங்கி, இரவிசங்கரையும் கர்நாடக இசைக்குத் தி. க. ஜெயராம ஐயரையும் பொறுப்பாளர்களாக்கியபோது, அதே கேள்விக்கு இந்தியக் கலைஞர்களே முகங்கொடுக்க வேண்டியிருந்தது.

1939 ஏப்ரலில் கல்கத்தா நிலையத்துக்கு மாற்றப்பட்ட ஃபோல்ட்ஸ், அங்குச் சென்ற சில நாட்களிலேயே காலராவால் இறந்தார். அவருக்கு வயது 58. மெக்கார்த்தி துறவு பூண்டு ஓமானந்த புரி எனப் பெயர் பெற்று 1967 வரை வாழ்ந்தார். ஃபோல்ட்ஸின் கையெழுத்துப் படிகளுள் ஒரு பகுதி எலிக்கும் எறும்புக்கும் இரையாயிற்று. கிழக்கும் மேற்கும் இணையும் சிம்பொனி ஒன்றும் தொலைந்தது. எஞ்சியவற்றை மகள் பாதுகாத்தார். 1970-களில் ஆய்வாளர் மால்கம் மக்டொனால்ட் அவற்றைத் தேடிப் படித்து எழுதிய பின்னரே இசையுலகம் திரும்பிப் பார்த்தது. பர்மிங்காம் நகர இசைக்குழுவோடு சக்காரி ஓரமோ செய்த ஒலிப்பதிவுகள் மந்திரங்களையும் இயங்கு முத்தொகுதியையும் பரவலாக்கின. 2007 நவம்பர் 11-ஆம் நாள் உலக இரங்கல் இசை அதே ஆல்பர்ட் மண்டபத்தில் மீண்டும் ஒலித்தது. பியானோவுக்கான மேளக் கட்டுரைகளும் அச்சிலும் ஒலிப்பதிவிலும் கிடைக்கின்றன. அவற்றின் ஒவ்வொரு பகுதியையும் வேங்கடமகியின் வரிசையில் அதற்குரிய மேளத்தோடு பொருத்தி, அந்த மேளத்தில் பிறந்த இராகங்கள் குரலில் பெறும் அசைவுகளோடு ஒப்பிட்டு, கட்டையில் எது நின்றது, எது நழுவியது என்று விரித்துரைப்பது, கர்நாடக இசையில் காதும் பியானோவில் கையும் பழகிய ஒரு தமிழ் ஆய்வாளர் ஏற்க வேண்டிய பணி.